மட்டக்களப்பு, அம்பாறைக் கரையில் படகேறிப் பறவை பார்ப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாரி ஓய்ந்ததும் வாவியிலும் துறைமுகங்களிலும் பறவை பார்க்க வர நினைப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கிறவை இவை. கொழும்பிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் வருகிறவர்களை மனதில் வைத்து எழுதத் தொடங்கினேன். கல்லடியில் பிறந்து வளர்ந்தவர்களும் இதையேதான் கேட்கிறார்கள்.

டிசம்பர் விடுமுறைக்கு வரலாமா?

வரலாம். ஆனால் பறவைக்காக மட்டும் வருவதென்றால் தை பிறக்கும்வரை பொறுங்கள்.

வலசைப் பறவைகள் செப்டெம்பரிலேயே வந்து இறங்கத் தொடங்கும்; ஏப்ரலுக்குள் பெரும்பாலும் புறப்பட்டுவிடும். வெளிநாட்டுக் கையேடுகளைப் படித்துவிட்டு வருகிறவர்கள் டிசம்பர்தான் உச்சம் என்று நம்பிக்கொண்டு வருகிறார்கள். இங்கே கார்த்திகையும் மார்கழியும் வாடைக் காற்றோடு வரும் அடைமழைக் காலம். வாவி நிரம்பி, சேற்றுத் திடலெல்லாம் தண்ணீருக்கடியில் போய்விடும். சேற்றைக் கிளறித் தின்னுகிற சின்ன உள்ளானுக்கு இடுப்பளவு தண்ணீரில் என்ன வேலை? வயலுக்கும் வில்லு எனப்படும் வெள்ளம் தேங்கும் தாழ்நிலத்துக்கும் சிதறிப் போய்விடும். பறவை நாட்டில்தான் இருக்கும், உங்கள் படகுக்கு முன்னால் இருக்காது.

ஜனவரி நடுப்பகுதியிலிருந்து தண்ணீர் இறங்கும். பெப்ரவரியில் திடல்கள் வெளியே வந்து, பறவை எல்லாம் ஒரே இடத்தில் கூடும். எனக்குப் பிடித்த காலம் பெப்ரவரி கடைசியிலிருந்து மார்ச் முடிவு வரை. அந்த நேரத்தில் சில பறவைகள் நரை நிறத்தை விட்டு, ஊர் திரும்புவதற்கான செந்நிறச் சிறகைப் போட ஆரம்பித்திருக்கும்.

கடல் ஏற்றம், வற்றம் பார்த்து நேரம் குறிக்க வேண்டுமா?

தேவையில்லை. இந்தக் கரையில் கடலின் ஏற்ற இறக்கம் ஒரு மீற்றரைக்கூட எட்டாது, வாவிக்குள் அது இன்னும் குறைந்துவிடும். இங்கே நீர்மட்டத்தை ஆட்டி வைப்பது இரண்டு: மேற்கே எவ்வளவு மழை பெய்தது, முகத்துவாரம் திறந்திருக்கிறதா. மட்டக்களப்பு வாவி வடக்குத் தெற்காக ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீளம். இவ்வளவு தண்ணீரும் கடலுக்குப் போக இருக்கிற பெரிய வழி பாலமீன்மட்டு முகத்துவாரம்; தெற்கே கல்லாற்றுப் பக்கம் இன்னொரு வழி உண்டு. வெயில் காலத்தில் மணல் வாயை அடைத்துவிடும். மாரியில் வெள்ளம் ஏறும்போது மணலை வெட்டிவிடுவார்கள், அல்லது வெள்ளம் தானே உடைத்துக்கொண்டு போகும். வாய் திறந்து சில நாட்களில் வாவி மளமளவென்று வற்றும்.

ஆகவே புறப்படுவதற்கு முன் ஊரில் ஒருவருக்குத் தொலைபேசி எடுத்து, “முகத்துவாரம் திறந்திருக்கா, தண்ணி இறங்கிட்டா?” என்று கேளுங்கள். எந்த நாட்காட்டியையும் விட அந்தப் பதில் உதவும்.

கடலுக்குள் படகில் போய்ப் பார்க்க முடியுமா?

இந்தக் காலத்தில் வேண்டாம். வடகீழ்ப் பருவக்காற்று அடிக்கும் மாதங்களில் கிழக்குக் கடல் கொந்தளிப்பானது. சின்ன வள்ளங்களே பல நாள் கரையில்தான் கிடக்கும். இந்தக் கரையில் கடல் அமைதியாவது சித்திரைக்குப் பிறகு. அப்போது வலசைப் பறவைகள் போயிருக்கும். குளிர்காலப் படகுப் பயணம் என்றால் வாவி, களப்பு, துறைமுகத்தின் உள்நீர், அவ்வளவுதான்.

எங்கே படகேறலாம்?

மட்டக்களப்பு நகருக்குள் என்றால் புளியந்தீவின் காந்திப் பூங்காக் கரை, கல்லடிப் பாலத்தடி. அங்கிருந்து வடக்கே முகத்துவாரம் வரை ஒரு பயணம், தெற்கே எருமைத்தீவுப் பக்கம் ஒரு பயணம் போகலாம். முகத்துவாரப் பக்கம் ஆலாக்களுக்கும் (tern) கடற்காகங்களுக்கும் (gull) நல்லது. மணல் திட்டில் வரிசையாக, எல்லாம் காற்றுக்கு முகம் கொடுத்து நிற்கும். தெற்குப் பக்கம் கண்டல் ஓரங்கள். நீர்க்காகம், பாம்புத்தாரா, கொக்கு வகைகள் அங்கே நிறைய. ஒரே காலையில் இரண்டையும் பார்த்துவிட வேண்டும் என்று ஓடினால் இரண்டையும் ஒழுங்காகப் பார்க்க மாட்டீர்கள். ஒன்றைத் தெரிவு செய்யுங்கள்.

அம்பாறைப் பக்கம் என்றால் பொத்துவில் களப்பு. மீனவர்கள் தோணியில் கோல் ஊன்றிக் கண்டலுக்குள் கூட்டிப் போவார்கள். எஞ்சின் சத்தம் இல்லாத பயணம் என்பதால் பறவை பார்க்க இதைவிடச் சிறந்தது இந்தக் கரையில் இல்லை என்பது என் எண்ணம். கரைக்கு யானை வந்து நின்றாலும் ஆச்சரியமில்லை.

காசு அதிகம் செலவழிக்க விரும்பாதவர்களுக்கு ஒரு வழி சொல்கிறேன். வாவியைக் குறுக்கே கடக்கும் ‘பாதை’ இருக்கிறதே, வாகனமும் ஆளும் ஏற்றிக்கொண்டு போகும் இயந்திர மிதவை, அதில் ஏறுங்கள். குருக்கள்மடம்–அம்பிளாந்துறை, குருமண்வெளி–மண்டூர்த் துறைகள் இதற்குப் பேர் போனவை. மண்முனைத் துறையில் 2014இல் பாலம் வந்துவிட்டதால் அங்கே பாதை இல்லை. பாதை ஆடாது, மெதுவாகப் போகும். பறவைகளும் அதற்குப் பழகிப் போனவை, எழும்பிப் பறப்பதில்லை. ஓடுகிறதா என்று அன்றைக்கு விசாரித்துவிட்டுப் போங்கள். அதிகாலையில் பாடசாலைக்கும் வேலைக்கும் போகிற கூட்டம் இருக்கும், அவர்களுக்கு இடம் விட்டு ஓரமாக நில்லுங்கள்.

துறைமுகங்களில் என்ன இருக்கிறது?

வாழைச்சேனை மீன்பிடித் துறைமுகம் உயிரோட்டமுள்ளது. ஆழ்கடல் படகுகள் வந்து மீன் இறக்கும் காலைகளில் செம்பருந்துகள் தலைக்கு மேலே வட்டமிடும், கடற்காகங்கள் கழிவுக்குச் சண்டை பிடிக்கும். இங்கே தெரிகிற கடற்காகத்தில் பெரும்பாலானது பழுப்புத்தலைக் கடற்காகம். திபெத்து மேட்டுநில ஏரிகளில் குஞ்சு பொரித்துவிட்டு இமயமலையைக் கடந்து வந்து, வாழைச்சேனையில் சூரைக் குடலுக்குக் காத்திருக்கிறது. குளிர்காலத்தில் அதன் தலை பழுப்பாக இருக்காது. வெள்ளைத் தலையில் காதுப்பக்கம் ஒரு கரும்பொட்டு, சிவந்த சொண்டு, சிறகு நுனிக் கறுப்புக்குள் வெள்ளைக் கண்ணாடி போட்டதுபோல் ஒரு புள்ளி. இந்த மூன்றும் இருந்தால் அதுதான்.

ஒலுவில் வேறு கதை. 2013இல் திறந்த துறைமுகம். வாயை மணல் மூடுவதும், வடக்கே நிந்தவூர்ப் பக்கம் கரையைக் கடல் அரிப்பதும் அந்த ஊர்களுக்கு ஓயாத தலைவலி. அந்தத் துயரத்தின் மேல் நின்று சொல்லச் சங்கடமாகத்தான் இருக்கிறது, ஆனால் உள்நீர் அமைதியாகக் கிடப்பதால் அலைதடுப்புக் கற்களில் ஆலாக்கள் வந்து அமர்கின்றன. பெரிய கொண்டை ஆலாவுக்கு மஞ்சள் சொண்டு, சின்னக் கொண்டை ஆலாவுக்குச் செம்மஞ்சள் சொண்டு; இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஒப்பிட இப்படியான கல்வரிசைதான் வசதி. துறைமுக எல்லைக்குள் போக வாசலில் அனுமதி கேட்க வேண்டும். கிடைக்காவிட்டால் வாக்குவாதம் வேண்டாம், வெளியே கடற்கரையிலிருந்தே தடுப்பின் ஒரு பகுதி தெரியும்.

எவற்றை நிச்சயமாகப் பார்க்கலாம்?

ஊர்ப் பறவைகள் ஏமாற்றாது: கூழைக்கடா, நீர்க்காகம், பாம்புத்தாரா, குருட்டுக்கொக்கு, சாம்பல் நாரை, வெள்ளைக் கொக்கு வகைகள், செம்பருந்து, மீன்கொத்திகள். கறுப்பும் வெள்ளையுமான மீன்கொத்தி தண்ணீருக்கு மேலே ஒரே இடத்தில் சிறகடித்து நின்று, தலைகுப்புற விழுவதைப் பாலத்தடியிலேயே காணலாம். வெண்வயிற்றுக் கடற்கழுகு உயரமான மரத்திலோ கோபுரத்திலோ இருக்கும். அது பறந்தால் கீழே இருக்கிற அத்தனையும் எழும்பும். எதுவும் காரணமில்லாமல் கூட்டமாக எழும்பினால் முதலில் வானத்தைப் பாருங்கள்.

விருந்தாளிகளில் மீசை ஆலா, பவளக்காலி, பச்சைக்காலி, கொசு உள்ளான், உப்புக்கொத்திகள், நீலவால் பஞ்சுருட்டான் ஆகியவை அநேகமாகக் கிடைக்கும். நீலவால் பஞ்சுருட்டானில் சில இப்போது கிழக்கிலேயே மணலில் வளை தோண்டிக் குஞ்சு பொரிக்கின்றன என்பதால் அதை விருந்தாளி என்று முழுதாகச் சொல்லவும் முடியாது. ஊசிவால் வாத்து, நீலச்சிறகி போன்ற வாத்துகள் ஆழமில்லாத, ஆள் நடமாட்டமில்லாத ஓரங்களில் மட்டும். விராலடிப்பானைப் பார்ப்பது அதிர்ஷ்டம். கம்பு நட்ட வலைத் தடிகளைக் கவனியுங்கள், மீனைக் காலில் பிடித்துக்கொண்டு அங்கே இருந்து தின்னும்.

பூநாரை வருமா?

அதற்காக இங்கே வராதீர்கள். மன்னாருக்கும் யாழ்ப்பாணக் களப்புகளுக்கும் போங்கள்.

இலங்கைக்கு மட்டுமே உரிய பறவைகள்?

அவற்றில் பெரும்பாலானவை ஈரவலயக் காட்டுப் பறவைகள். வாவியில் தேட வேண்டாம். பொத்துவில், குமணப் பக்கம் விடியலில் காட்டுக்கோழி கூவக் கேட்கலாம்.

உள்ளான் எல்லாம் ஒன்றுபோலவே தெரிகிறது. எப்படிப் பிரித்தறிவது?

எல்லாருக்கும் அப்படித்தான் தெரியும். குளிர்காலத்தில் அவை போட்டிருப்பது சாம்பலும் வெள்ளையும். நிறத்தை நம்பினால் குழம்புவீர்கள். நான் பார்க்கும் ஒழுங்கு இது: முதலில் அளவு, அடுத்து சொண்டின் நீளமும் வளைவும், அப்புறம் கால், கடைசியாக அது தின்னும் விதம். படகு ஆடும்போது தின்னும் விதம்தான் அதிகம் கைகொடுக்கும்.

நாலடி ஓடி, சட்டென்று நின்று, ஒரு கொத்து கொத்தி, மறுபடி ஓடினால் உப்புக்கொத்தி. கல்லில் தனியாக நின்று பின்பக்கத்தை ஓயாமல் ஆட்டிக்கொண்டிருந்தால் சாதாரண உள்ளான். பறக்கும்போது சிறகை விறைப்பாக வைத்துத் தண்ணீரை உரசுகிற மாதிரிப் போகும். கால் செம்மஞ்சளாக இருந்து, பறக்கும்போது சிறகின் பின்விளிம்பு வெள்ளையாகத் தெரிந்தால் பவளக்காலி. அது சும்மா இராது, முதலில் கத்திப் பறந்து மற்றவற்றையும் கிளப்பிவிடும். பச்சைக்காலி அதைவிடப் பெரிது, சொண்டு கொஞ்சம் மேல்நோக்கி வளைந்திருக்கும், பறக்கையில் முதுகில் வெள்ளை ஆப்பு தெரியும். அதே வெள்ளை ஆப்பு, ஆனால் உடல் மெலிந்து சொண்டு ஊசிபோல் நேராக இருந்தால் சதுப்பு மண்கொத்தி.

பெரிய பறவை, கீழ்நோக்கி வளைந்த நீளச் சொண்டு என்றால் இரண்டில் ஒன்று: கோட்டான் (ஆந்தை அல்ல, curlew என்ற கரைப்பறவை), அல்லது அதைவிடச் சிறிய, தலையில் கோடு போட்ட சின்னக் கோட்டான். நேரான நீளச் சொண்டு, அடிப்பக்கம் இளஞ்சிவப்பு, பறக்கையில் சிறகில் வெள்ளைப் பட்டை, வால் நுனி கறுப்பு என்றால் கருவால் மூக்கன். குருவியளவு, தையல் இயந்திரம்போல் குத்திக்கொண்டே நடந்தால் கொசு உள்ளான். இது முப்பது கிராமுக்கும் குறைந்த எடையோடு சைபீரியாவின் வடகோடியிலிருந்து வருகிறது.

மீதியைப் பெயர் தெரியாமலே விடுங்கள். ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்தே தீர வேண்டும் என்று படகில் சண்டை பிடிக்கிறவர்களோடு போவது அலுப்பு.

காலையா, மாலையா?

காலை. சூரியன் ஏறி ஒன்பது, பத்து மணியானால் காற்று எழும்பி நீர் அலையடிக்கும், பைனாகுலருக்குள் பறவை நிற்காது. விடியும்போது தண்ணீரில் இருக்க வேண்டும் என்று படகுக்காரரிடம் முதல்நாளே சொல்லிவிடுங்கள்.

வெளிச்சத்தையும் பாருங்கள். காலையில் எழுவான்கரை, அதாவது வாவியின் கிழக்குக் கரை ஓரமாகப் போய் மேற்கே பார்த்தால் சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கும், நிறம் தெளிவாகத் தெரியும். மேற்குக் கரையான படுவான்கரைப் பக்கம் நின்று கிழக்கே பார்த்தால் எல்லாம் கறுப்பு நிழல்தான். மாலையில் இது தலைகீழ். மாலைப் பயணத்துக்கென்று ஒரு தனிச் சுகம் உண்டு: கொக்கும் நீர்க்காகமும் இரவுத் தங்கலுக்குக் கூட்டம் கூட்டமாகக் கண்டலுக்குத் திரும்பும். ஆனால் இருட்டுவதற்குள் கரையேறிவிடுங்கள், இரவில் வலைகள் கண்ணுக்குத் தெரியாது.

எஞ்சின் படகா, தோணியா?

தூரம் போக எஞ்சின், பறவை பார்க்கத் தோணி. இரண்டும் கலந்த வழி: எஞ்சின் படகில் போய், திடலுக்கு நல்ல தூரத்திலேயே எஞ்சினை நிறுத்தி, கோல் ஊன்றி மெல்ல நகர்வது. “அண்ணன், எஞ்சினை நிப்பாட்டுங்க, இனிச் சும்மா மிதப்பம்” என்று சொன்னால் போதும். ஒலுவிலிலும் ஓட்டமாவடியிலும் அண்ணனுக்குப் பதிலாக ‘நானா’ என்று கூப்பிட்டுக் கேளுங்கள். சுற்றுலாக்காரர் வேகம் கேட்பார்கள் என்று பழகிப்போனதால்தான் அவர்கள் விரட்டி ஓட்டுகிறார்கள். நீங்கள் சொன்னால் அவர்களுக்கும் எண்ணெய் மிச்சம்.

கட்டணத்தை ஏறும் முன்பே பேசுங்கள். மணித்தியாலக் கணக்கா, படகுக் கணக்கா என்பதையும், சும்மா நிற்கும் நேரமும் கணக்கில் சேருமா என்பதையும் கேளுங்கள். பறவை பார்க்கிறவர் ஓடுவதைவிட நிற்பதுதான் அதிகம்.

எவ்வளவு நெருங்கலாம்?

மீற்றர் கணக்கைவிடப் பறவையின் தலையைப் பாருங்கள். தின்றுகொண்டிருந்தது தலையை நிமிர்த்தி உங்களைப் பார்த்தால் அதுதான் எல்லை. நடக்கத் தொடங்கினால் எல்லை தாண்டிவிட்டீர்கள், பின்வாங்குங்கள். படகை நேராகப் பறவையை நோக்கி விடாமல், பக்கவாட்டில் கடந்து போவதுபோல் சாய்வாக விட்டால் அவ்வளவாகப் பயப்படாது. படகில் எழுந்து நிற்க வேண்டாம்.

இதில் நான் கொஞ்சம் கண்டிப்பு. படத்துக்காகக் கூட்டத்தைக் கைதட்டிக் கிளப்புகிறவர்கள் இருக்கிறார்கள். பெப்ரவரி, மார்ச்சில் இந்தப் பறவைகள் செய்கிற ஒரே வேலை கொழுப்புச் சேர்ப்பது. வடக்கே ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் பறக்க அதுதான் எரிபொருள். ஒரு காலையில் நாலு படகு நாலு தரம் எழுப்பினால் அந்த நாளின் தீனி வீண். பறக்கிற படம் வேண்டுமென்றால் கழுகுக்குக் காத்திருங்கள், அது இலவசமாகக் கிளப்பித் தரும்.

கூடு கட்டுகிற தீவுகளில் இறங்கலாமா?

கூடாது. மாரிக்குப் பிறகு கொக்கும் நீர்க்காகமும் கூடு வைக்கும் காலம் அது. தாய் எழும்பினால் காகமும் பருந்தும் முட்டையை எடுத்துவிடும், வெயிலில் குஞ்சு தாங்காது. வனசீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் 1937இலிருந்தே இருக்கிறது. முட்டையையோ கூட்டையோ தொடுவது வெறும் ஒழுங்கீனம் இல்லை, குற்றம்.

என்ன கொண்டுவர வேண்டும்?

8×42 அல்லது 8×32 பைனாகுலர். 10 மடங்கு பெரிதாக்குவது கரையில் நல்லது, படகில் கைநடுக்கத்தையும் சேர்த்துப் பெரிதாக்கும். முக்காலித் தொலைநோக்கியை வீட்டில் வையுங்கள். தொப்பி, தண்ணீர், நீர்புகாத பை. வெள்ளையும் கடும் சிவப்பும் வேண்டாம், மங்கல் நிறம் போடுங்கள்.

பாதுகாப்பு எப்படி?

உயிர்காப்பு அங்கி இல்லாத படகில் ஏற வேண்டாம், நீச்சல் தெரிந்தாலும் சரி. வாவியில் முதலை உண்டு. கையைத் தண்ணீரில் அளைந்துகொண்டு வருவதும், கண்டல் ஓரத்தில் கால் கழுவ இறங்குவதும் வேண்டாம். முகத்துவாரம் திறந்திருக்கும் நாட்களில் வாய்க்கு அருகே இழுவை பலமாக இருக்கும். படகுக்காரர் “இதுக்கு அங்கால வேணாம்” என்றால் அத்தோடு திரும்புங்கள். வலைக் கம்புகளுக்கு இடையே குறுக்கே போகச் சொல்லிக் கேட்காதீர்கள். வலை கிழிந்தால் ஒரு குடும்பத்தின் அன்றைய வருமானம் போகும்.

ட்ரோன் பறக்கவிடலாமா?

சிவில் விமான சேவைகள் அதிகார சபையின் விதிகளுக்கு உட்பட்டது அது. மட்டக்களப்பு விமான நிலையம் வாவியை ஒட்டியே இருப்பதை மறக்க வேண்டாம். அனுமதி இருந்தாலும் பறவைக் கூட்டத்துக்கு மேலே வேண்டாம், அவற்றுக்கு அது ஒரு பருந்து. கடற்படை முகாம்கள், துறைமுகக் கட்டடங்கள் பக்கம் கமராவைத் திருப்பாமல் இருப்பதும் நல்லது.

படகுக்காரருக்குப் பறவைப் பெயர் தெரியாதே, வழிகாட்டி வேண்டாமா?

பெயர் தெரியாமல் இருக்கலாம், பறவை தெரியும். எங்கே சின்ன மீன் மேய்கிறது, எங்கே இறால் நிற்கிறது என்று கேளுங்கள். மீசை ஆலா அங்கேதான் இருக்கும். “கொக்கு எங்கே படுக்கிறது?” என்று கேட்டால் நேரே கொண்டுபோய் விடுவார்கள். நூலில் உள்ள படத்தைக் காட்டிப் பாருங்கள், எந்த மாதம் வரும், எதைத் தின்னும் என்று சொல்வார்கள்.

பாடும் மீன் சத்தத்தையும் அப்படியே கேட்டுவிடலாமா?

அது நிலவு இரவில், கல்லடிப் பாலத்தடியில், துடுப்பைத் தண்ணீரில் விட்டுக் காதை வைத்துக் கேட்பது. வேறு நாள், வேறு பயணம்.

பார்த்ததை எங்கே பதிவது?

‘இ-பேர்ட்’ செயலியில் போடலாம், இலவசம். எண்ணிக்கையும் போடுங்கள்; வெறும் பெயரைவிட “பவளக்காலி, ஏறக்குறைய 60” என்பது பயனுள்ளது. ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987 முதல் ஒவ்வொரு ஜனவரியிலும் நடக்கிறது. இலங்கையில் அதைப் பல காலமாக இலங்கைப் பறவைகள் கழகம் முன்னின்று செய்துவருகிறது. கிழக்கில் பார்க்கிற கண்கள் குறைவு என்பதால் இங்கிருந்து போகிற ஒவ்வொரு பட்டியலுக்கும் மதிப்பு உண்டு.

படகு கிடைக்காவிட்டால்?

மட்டக்களப்பு–கல்முனை வீதியில் ஓந்தாச்சிமடத்திலும் கோட்டைக்கல்லாற்றிலும் வீதி வாவியைக் கடக்கிறது. இரண்டு இடத்திலும் பாலத்தின் ஓரத்தில் நின்றே நீர்க்காகம், மீன்கொத்தி, ஆலாக்களைப் பார்க்கலாம். பெரும்போக அறுவடை நடக்கும் வாரங்களில் படுவான்கரை வயல்களுக்குப் போனால் நத்தைகுத்தி நாரையும் அரிவாள் மூக்கனும் அறுப்பு இயந்திரத்துக்குப் பின்னாலேயே நடந்து திரியும். கல்முனை பஸ்ஸில் ஏறினால் நடத்துநரிடம் பாலத்துக்கு முந்திய தரிப்பில் இறக்கிவிடச் சொல்லுங்கள், பாலத்தின் மேல் பஸ் நிற்காது.